எங்கட பக்கத்து ஸ்டியரிங்

கதவைத் திறந்து, இரும்புப் படியில் கால் வைத்து ஏறி, ஆசனத்தில் அமர்ந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை. வெறும் தகரப் பலகை. ஸ்டியரிங் அந்தப் பக்கம், வலது கதவோரம், தாம்பாளம் அளவில் கிடந்தது. கீழே நின்ற வண்டிக்காரர் சிரித்தார். அவருக்கு இது புதிதில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாருமே இடப்பக்கக் கதவைத்தான் திறக்கிறார்களாம்.

இடம் ஆர்பொன். சுவிஸின் வடகிழக்கு மூலையில், பொடன்சே ஏரிக்கரையில் ஒரு சிறிய நகரம். ஏரிக்கு அந்தப் பக்கம் ஜெர்மனி, கொஞ்சம் கிழக்கே போனால் ஒஸ்திரியா. நம்மவர்களுக்கு இந்தப் பக்கம் பழக்கம் என்றால் அது சென்மார்க்ரேத்தன் முருகன் கோயிலால்தான். தேருக்குப் போகிற வழியில் ஆர்பொன் என்ற பெயர்ப்பலகையைக் கடந்திருப்பார்கள், இறங்கியிருக்க மாட்டார்கள்.

நான் இறங்கியதற்குக் காரணம் லொறி. பெரியப்பா லொறிச் சாரதி. சின்ன வெங்காயமும் புகையிலையும் செத்தல் மிளகாயும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவிரவாகப் போய் வந்தவர். பெட்போர்ட் லொறி. முன்னால் மூக்கு நீண்டது, மரத்தால் அடித்த பெட்டி, உள்ளே எஞ்சின் சூடு காலில் அடிக்கும். பள்ளிக்கூட விடுமுறையில் இரண்டு தரம், கிளீனர் பொடியனுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அந்த நெருக்கம், டீசலும் வெங்காயமும் வேர்வையும் கலந்த அந்த மணம், பிறகு நான் எந்த வாகனத்திலும் காணாதது.

அன்றைக்கு ஆர்பொன்னில் வரிசையில் நின்ற பழைய லொறிகளில் நான் தவறான பக்கம் ஏறிய வண்டி சவுரர் 2டிஎம். சுவிஸ் இராணுவத்துக்கென 1960களில் செய்யத் தொடங்கிய, நாலு சில்லுக்கும் இழுவை உள்ள பச்சை லொறி. இதுவும் மூக்கு வண்டிதான். எல்லாரும் வீதியின் வலப்பக்கமாக ஓடுகிற நாடு இது. அந்த நாட்டுக்காரன் தன் நாட்டுக்காகவே செய்த லொறியில் ஸ்டியரிங் ஏன் எங்கள் ஊர்ப் பக்கத்தில் இருக்கிறது? பதில் தேடப் போய்த்தான் இந்த வண்டியின் பிறப்பு வளர்ப்பையெல்லாம் தெரிந்துகொண்டேன்.

சவுரரின் கதையை ஊசியிலிருந்து தொடங்கவேண்டும். 1853ல் ஃபிரான்ஸ் சவுரர் என்பவர் செங்காளனுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு வார்ப்பாலை வைத்தார். சில ஆண்டுகளில் தொழில் ஆர்பொன்னுக்கு வந்தது. அந்தக் காலத்தில் கிழக்கு சுவிஸில் வீட்டுக்கு வீடு பூவேலை. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த நாட்டின் முதல் ஏற்றுமதி மணிக்கூடும் இல்லை, சொக்லேட்டும் இல்லை. பூவேலைத் துணிதான். எங்கள் அம்மாமார் பெட்டியின் அடியில் மடித்து வைத்த சுவிஸ் வொயில் சேலைகள்கூட இந்தப் பக்கத்துத் தொழிலின் வாசனைதான். சவுரர் ஆலை 1869 அளவில் பூவேலை இயந்திரங்களைச் செய்யத் தொடங்கியது. ஒரு மனிதன் ஒரு கையால் ஒரு படத்தின் கோட்டைத் தடவிக்கொண்டே போவான், அவன் கை போகிற வழியெல்லாம் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரே நேரத்தில் துணியில் குத்தி வெளிவரும். ஓர் ஊசி மயிரிழை விலகினாலும் பூ கோணலாகிவிடும். இத்தனை நுட்பமாக இரும்பை வார்த்துக் கடையத் தெரிந்தவனுக்கு, சிலிண்டருக்குள் பிஸ்டனைக் காற்றுப் போகாமல் பொருத்துவது பெரிய வித்தையாக இருந்திருக்காது. 1880களின் முடிவில் அங்கே எண்ணெய் எஞ்சின் செய்தார்கள். 1903ல் லொறி வந்தது. ஃபிரான்ஸின் மகன் அடோல்ஃப், அவர் மகன் ஹிப்போலிட். லொறியைப் பெரிதாக்கியது இந்தப் பேரன்தான்.

கண்காட்சிக் கூடத்தில் பூவேலை இயந்திரமும் லொறியும் ஒரே கூரையின் கீழ் நிற்கின்றன. ஏரிக்கரையில், பழைய ஆலை வளவில்தான் சவுரர் அருங்காட்சியகம் இருக்கிறது. பெரும்பாலும் முன்னாள் தொழிலாளரும் சவுரர் பிரியர்களும் சேர்ந்து நடத்துவது. இயந்திரத்தை ஓட்டிக் காட்டுவார்கள். மெல்லிய நூலில் பூ விழுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பின்னால் கட்டி ரப்பர் சில்லுடன் ஒரு பழைய லொறி. இரண்டையும் ஒரே ஆலையின் ஆட்கள் செய்தார்கள் என்று நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

இனி ஸ்டியரிங். காரணத்தை வண்டிக்காரர் வாயால் சொல்லவில்லை. என்னை இறக்கி, மற்றப் பக்கத்தால் ஏற்றி உட்காரவைத்து, சன்னலால் தலையை நீட்டிக் கீழே பார்க்கச் சொன்னார். பார்த்தேன். முன் சில்லு எந்தக் கல்லை மிதித்து நிற்கிறது என்பது அப்படியே தெரிந்தது. "இப்போது அந்தக் கல்லுக்கு அங்கால் அறுநூறு மீட்டர் பள்ளம் என்று நினை" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். அல்ப்ஸ் மலைவீதிகள் ஒரு காலத்தில் குதிரைவண்டிக்கென வெட்டியவை. எதிரே ஒரு வண்டி வந்தால் இரண்டும் ஓரத்துக்கு ஒதுங்கவேண்டும். வலப்பக்கம் ஓடுகிற நாட்டில் ஒதுங்கும் பக்கமும் வலதுதான். அங்கே இருப்பது ஒன்றில் மலைச் சுவர், இல்லாவிட்டால் பள்ளம். இடப்பக்கம் இருக்கிற சாரதிக்கு எதிர்வண்டி நன்றாகத் தெரியும், தன் வலது சில்லு எங்கே போகிறது என்பது தெரியாது. எதிர்வண்டியோடு உரசினால் வர்ணம்தான் போகும். பள்ளப் பக்கம் தவறினால் வீட்டுக்குத் தந்திதான் போகும். ஆகவே சாரதியை வலது ஓரத்தில் உட்காரவைத்தார்கள். 1970கள் வரைக்கும் சுவிஸ் லொறிகளிலும் மலைப் பேருந்துகளிலும் இந்த வழக்கம் நீடித்தது. சவுரர் மட்டுமில்லை, பெர்னில் தொடங்கி ஒல்டனில் வளர்ந்த பெர்னாவும், வெற்சிக்கோனில் செய்த எஃப்பிடபிள்யூவும் இதே வழிதான். எஃப்பிடபிள்யூவைத் தொடங்கிய ஃபிரான்ஸ் புரோசின்செவிச் குரோவாசியாவிலிருந்து வந்தவர். இந்த நாட்டின் பெருமை என்று சொல்லும் பல சாமான்களில் இப்படி ஒரு வந்தேறியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு அதைக் கவனிக்கிற வியாதி உண்டு.

எங்கள் ஊரில் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன பழக்கத்தால் வலப்பக்க ஸ்டியரிங். இங்கே பள்ளத்துக்குப் பயந்து வலப்பக்க ஸ்டியரிங். ஆனால் அந்த ஆசனத்தில் இருந்தபோது என் இடது கை தானாக கியர்த் தடியைத் தேடியது. முப்பது வருடமாக வலது கையால் கியர் மாற்றுகிறவனுடைய இடது கை.

மலையில் ஏறுவது அவ்வளவு பெரிய காரியமில்லை. முதலாம் கியரில் போட்டு உறுமிக்கொண்டு ஏறலாம், நேரம்தான் போகும். ஆளைக் கொல்வது இறக்கம். பாரம் ஏற்றிய லொறி, பாம்பு வளைவு, முன்னால் பத்துக் கிலோமீட்டர் இறக்கம். காலால் பிரேக்கை அமுக்கிக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் புகைந்து, பிறகு அமுக்க அமுக்க ஒன்றும் நடக்காது. இதற்குச் சவுரர் ஆலை 1900களின் முதல் பத்தாண்டிலேயே ஒரு வழி கண்டது. எஞ்சினையே பிரேக்காக்குவது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கிப் பாருங்கள். கை திமிறும், பம்பு போகாது. அதேபோல எண்ணெயை நிறுத்தி, எஞ்சினின் மூச்சை அடைத்துவிட்டால் பிஸ்டன்கள் காற்றோடு மல்லுக்கட்டும், சில்லுகள் தாமாக மந்தமாகும். பின்னாளில் இதைப் புகைக்குழாயில் ஒரு தகட்டை மூடிச் செய்தார்கள். இன்றைக்கும் ஹட்டன் பக்கத்திலோ ஊட்டியிலோ பெரிய வண்டி இறங்கும்போது மூக்கைச் சிந்துவதுபோல ஒரு சத்தம் கேட்கிறதே, அது இதே குடும்பத்துச் சத்தம்தான்.

பெரியப்பாவுக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. நுவரெலியா மரக்கறி ஏற்றிய காலத்தில் அவர் ஒரு விதிதான் வைத்திருந்தார். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு. இதையே அட்சரம் பிசகாமல் ஆர்பொன் வண்டிக்காரரும் சொன்னார். அவர் சுவிஸ் ஜெர்மனில் சொன்னார் என்பதுதான் வித்தியாசம்.

இருவருக்கும் பொதுவான இன்னொன்று இரட்டைக் கிளச். இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, காலைப் பிடித்து அமுக்கிக் காட்டத்தான் வேண்டும். பழைய லொறியின் கியர்ப் பெட்டிக்குள் பற்சில்லுகளின் வேகத்தைச் சமன் செய்கிற ஏற்பாடு எதுவும் கிடையாது. அந்த வேலை சாரதியுடையது. கிளச்சை மிதித்து கியரை வெறுமையாக்கவேண்டும். காலை எடுத்து, அக்சிலேற்றரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினைக் கூவவைக்கவேண்டும். அந்தக் கூவல் சரியான சுருதிக்கு வருகிற நொடியில் மறுபடி கிளச்சை மிதித்துத் தடியைத் தள்ளினால் வெண்ணெயில் கத்தி போவதுபோல விழும். நொடி தப்பினால் கறகறவென்று அழும், கிளீனர் பொடியன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மீட்டர் பார்த்துச் செய்வதில்லை, காதால் செய்வது. பெரியப்பாவுக்குப் பாட்டுக் கேட்கத் தெரியாது, ஒரு கீர்த்தனையும் முழுதாக உட்கார்ந்து கேட்டதில்லை. ஆனால் எஞ்சின் சுருதி அரை மாத்திரை பிசகினாலும் கண்டுபிடிப்பார்.

சுவிஸில் லொறிக்கும் இசைக்கும் வேறொரு உறவும் உண்டு. 1906 ஜூன் முதலாம் திகதி தபால் இலாகா பெர்னுக்கும் டெட்லிகனுக்கும் இடையே முதல் தபால் பேருந்தை ஓடவிட்டது. முதல் உலகப் போர் முடிந்து இராணுவம் கழித்த லொறிகளைத் தபால் இலாகா வாங்கி, பெட்டியைக் கழற்றி இருக்கை பூட்டி, மலைக் கணவாய்களுக்கு அனுப்பியது. சவுரர், பெர்னா, எஃப்பிடபிள்யூ எல்லாம் இப்படிப் பயணிகளை ஏற்றியவைதான். வளைவில் வருகிறேன் என்று எச்சரிக்க 1920களில் தபால் பேருந்துக்கு மூன்று சுர ஹோர்ன் வைத்தார்கள். ரொசினியின் 'வில்லியம் டெல்' நாடக இசையின் முகப்பிலிருந்து எடுத்த மூன்று சுரம். மஞ்சள் பேருந்து இன்றைக்கும் மலை வளைவில் அதைத்தான் ஊதுகிறது. நீலப் பலகையில் மஞ்சள் கொம்பு வரைந்த வீதியில் நீங்கள் கார் ஓட்டிப் போனால், தபால் பேருந்துச் சாரதி சொல்வதுதான் சட்டம். பின்னால் போ என்று அவர் கை காட்டினால் போகத்தான் வேண்டும்.

ஆர்பொன் லொறி ஆர்பொன்னிலேயே நிற்கவில்லை. சிறிய நாட்டில் எத்தனை லொறி விற்கலாம்? ஆகவே ஆலையே ஊரூராகப் போனது. பாரிசுக்குப் பக்கத்தில் சுரேன், வியன்னா, ஏரிக்கு அக்கரையில் லிண்டவ். அமெரிக்காவில் சவுரர் நிறுவனம் 1911ல் மாக் நிறுவனத்தோடு ஒரே குடையின் கீழ் வந்தது. அதே ஆண்டு ஒரு சவுரர் லொறி டென்வரிலிருந்து புறப்பட்டு, வீதி என்று ஒன்றும் இல்லாத பாலைவனத்தால் கலிபோர்னியா போய்ச் சேர்ந்தது. மணலில் சில்லு புதையும் இடத்தில் போட்டு ஏறுவதற்கு மரப்பலகைகளையும் அதிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். 1915ல் ஜெர்மனியின் எம்ஏஎன் நிறுவனம் சவுரரோடு கூட்டுச் சேர்ந்து லிண்டவில் லொறி செய்யத் தொடங்கியது. இன்று நெடுஞ்சாலையில் சிங்க முத்திரையோடு கடந்துபோகிற எம்ஏஎன் லொறிகளின் முதல் பாடம் இந்த ஏரிக்கரையில் படித்தது. 1930களில் இங்கிலாந்தில் ஆம்ஸ்ட்ராங் சவுரர் என்று ஒரு லொறி இருந்தது. இத்தாலியின் ஓஎம் சவுரரின் டீசல் எஞ்சினை உரிமம் வாங்கிச் செய்தது.

எல்லாரும் வாங்க விரும்பியது அந்த டீசல் எஞ்சினைத்தான். ஹிப்போலிட் சவுரர் காலத்து வேலை, 1934. டீசல் எஞ்சினின் தலைவலி, எண்ணெயும் காற்றும் சரியாகக் கலக்காதது. கலக்காவிட்டால் கரும்புகை, வீண் செலவு. சவுரர்க்காரர் பிஸ்டனின் தலையில் ஒரு குழி வெட்டினார்கள். உள்ளே வரும் காற்று ஒருபக்கமாகச் சுழன்றுகொண்டு வரும், பிஸ்டன் மேலே எழும்பும்போது அதே காற்று குழிக்குள் மடிந்து இன்னொரு பக்கமாகவும் சுழலும். தயிருக்குள் மத்தைச் சுற்றிக்கொண்டே மேலும் கீழும் ஆட்டுவது மாதிரி. அதற்குள் எண்ணெயைப் பீச்சினால் துளியும் மிஞ்சாமல் எரிந்துவிடும். ஹிப்போலிட் 1936ல் இறந்துபோனார்.

சவுரர் வண்டியின் வாழ்க்கையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. இரண்டாம் உலகப் போரில் நாசிகள் கிழக்கு ஐரோப்பாவில் நச்சுவாயு வண்டிகளை ஓட்டினார்கள். பின்னால் இறுக மூடிய பெட்டி, அதற்குள் மனிதர், பெரும்பாலும் யூதர், பெண்களும் பிள்ளைகளும். வண்டியின் புகையையே உள்ளே விட்டுக் கொன்றார்கள். அந்த வண்டிகளில் பெரியவை சவுரர் சேசிஸில் கட்டியவை. 1942 ஜூனில் எழுதப்பட்ட ஓர் அலுவலகக் கடிதம், சவுரர் வண்டிகளின் கொள்ளளவையும் பாரத்தையும் சில்லு அச்சையும் பற்றி, ஏதோ வெங்காய மூட்டை ஏற்றுவதுபோலப் பேசுகிறது. கிளோட் லான்ஸ்மானின் 1985ஆம் ஆண்டுப் படம் 'ஷோவா'வில் அந்தக் கடிதம் வாசிக்கப்படும்போது வீதியில் ஒரு சவுரர் லொறி போய்க்கொண்டிருக்கும். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் நான் ஆர்பொன் வந்தேன். வரிசையில் நின்ற வண்டிகளின் நெற்றியில் அந்தப் பெயரை வாசித்தபோது ஒரு கணம் தயங்கத்தான் செய்தேன். லொறிக்கு எதை ஏற்றுகிறோம் என்று தெரியாது. ஏற்றியவனுக்குத் தெரியும்.

அதே போர்க்காலத்தில் சுவிஸுக்குள் எண்ணெய் வரவில்லை. நாலு பக்கமும் போர், நாட்டுக்குள் எண்ணெய்க் கிணறு கிடையாது, காடு மட்டும் தாராளம். லொறிகளில் ஆள் உயர அடுப்பு ஒன்றைப் பூட்டினார்கள். விறகுத் துண்டுகளைப் போட்டு அரைகுறையாக எரித்து, அதில் வரும் வாயுவை எஞ்சினுக்குக் கொடுப்பது. காலையில் வண்டி எடுக்க முன்பு அடுப்பு மூட்டவேண்டும், வழியில் விறகு போடவேண்டும், மாலையில் சாம்பல் அள்ளவேண்டும். எங்கள் பக்கத்து முதியவர்கள் கரி பஸ் என்று சொல்வார்களே, தமிழ்நாட்டில் அதே ஆண்டுகளில் அதே அடுப்புத்தான் கரியில் எரிந்தது. மதுரை டிவிஎஸ் நிறுவனமே அந்தக் கரிவாயு அடுப்புகளைச் செய்தது.

எனக்கு இந்த இடத்தில் நினைவு வந்தது வேறு. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குள் பெட்ரோல் வருவது நின்றுபோனது. மொறிஸ் மைனரும் ஒஸ்டின் கேம்பிரிஜும் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெட்ரோல், அதைத் துளித்துளியாக விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடானவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. வீதியெல்லாம் குப்பிவிளக்கு மணம். ஆர்பொன்னில் விறகு அடுப்பு பூட்டிய வண்டியின் படத்தை எல்லாரும் வியந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பெரிதாக வியப்பில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் ஏ9 வீதியில் போகிற எந்த வாகனமும் முறிகண்டியில் நிற்கும். சின்னப் பிள்ளையார். சாரதி இறங்கி ஒரு தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு ஏறுவார். நிற்காமல் போன வண்டிகளுக்கு என்ன நடந்தது என்று ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். இங்கே அல்ப்ஸின் கோத்தார்ட் கணவாயிலும் சாரதிகள் நின்றார்கள். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம். தெற்குப் பக்கம் இறங்கும் திரெமோலா வீதியில் 24 கொண்டை ஊசி வளைவு, கருங்கல் பாவிய தரை. உச்சியில் தங்குமடமும் ஒரு சிறிய தேவாலயமும் உண்டு. பழைய லொறிகளின் பலகையில் புனித கிறிஸ்தோபர் சுருவம் ஒட்டியிருப்பதை இன்றைக்கும் காணலாம். ஆற்றைக் கடக்கக் குழந்தையைத் தோளில் சுமந்தவர், பயணிகளின் காவலர். சுமை தூக்கியவனைச் சாரதிகள் தங்கள் சாமியாக எடுத்துக்கொண்டது நியாயம்தான்.

பனிக்காலத்தில் கணவாய் மூடிவிடும். அந்த நாட்களில் கோஷனனில் வண்டியை ரயிலில் ஏற்றி, 1882ல் திறந்த மலைக்குகையால் ஐரோலோவில் கொண்டுபோய் இறக்கினார்கள். கோடையில் மேலே ஏறலாம். வண்டிக்காரர் அந்தக் கோடைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். உச்சியில் கொதிக்கிற ரேடியேற்றருக்கு ஊற்றுத் தண்ணீர் ஊற்றியது, எதிரே தபால் பேருந்து வந்தால் கொம்புச் சத்தத்தை வைத்தே எத்தனையாவது வளைவு என்று கணக்குப் பார்த்தது, ஐரோலோவுக்கு இறங்கியதும் மொழி மாறி, கோப்பியும் மாறியது. இங்கே லொறி ஓட்டுபவரை இன்றும் ஷோஃபர் என்றுதான் சொல்கிறார்கள். அதைச் சொல்லும்போது அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்ததைக் கவனித்தேன்.

பிறகு 1980 செப்டம்பர் 5. கோத்தார்ட் வீதிச் சுரங்கம் திறந்தது. 16.9 கிலோமீட்டர். பனி இல்லை, பள்ளம் இல்லை, கொண்டை ஊசி வளைவு இல்லை. கால்மணி நேரத்தில் அந்தப் பக்கம்.

சுவிஸ் லொறியைக் கொன்றது சுரங்கம் என்று எழுத ஆசைதான், கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் உண்மை கொஞ்சம் சிக்கலானது. மலைவீதிக்கென்று இந்த நாட்டின் சட்டம் லொறியின் அகலத்தை நெடுங்காலம் 2.30 மீட்டரில் வைத்திருந்தது. மொத்தப் பாரம் 28 தொன்னுக்கு மேல் கூடாது. இந்த அளவுச் சட்டைக்கு அயல்நாட்டான் தைக்கமாட்டான், சவுரரும் பெர்னாவும் எஃப்பிடபிள்யூவும் தைத்துக் கொடுத்தன. ஒடுங்கிய, வலப்பக்க ஸ்டியரிங் வைத்த, இறக்கத்தில் தன்னைத்தானே பிடித்துக்கொள்கிற வண்டி. நெடுஞ்சாலைகள் வந்து, அகலம் தளர்ந்து, சுவீடனிலும் ஜெர்மனியிலும் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளிய மலிவான லொறிகள் உள்ளே வந்தபோது, அளவெடுத்துத் தைக்கிற தையற்காரனுக்கு வேலை குறைந்துபோனது. பெர்னா முன்னமே, 1929ல், சவுரரின் கைக்குள் போயிருந்தது. 1982ல் சவுரரும் எஃப்பிடபிள்யூவும் டைம்லர் பென்ஸ் துணையோடு என்ஏடபிள்யூ என்ற ஒரே நிறுவனமாகின. பழைய பெயர்கள் மூன்றும் சில ஆண்டுகளில் மறைந்துபோயின. சந்தைக்கு வந்த கடைசி சவுரர் லொறி 1983ல் விற்றது, நாலு அச்சு டிப்பர் ஒன்று. 1987ல் இராணுவத்துக்குக் கொடுத்த 10டிஎம் லொறிதான் உலகின் கடைசிச் சவுரர். என்ஏடபிள்யூவும் 2000களின் தொடக்கத்தில் கதவடைத்தது.

28 தொன் சட்டமும் நிலைக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தோடு பேரம் பேசி 2001ல் 34, 2005ல் 40 என்று ஏற்றினார்கள். பதிலுக்கு ஒவ்வொரு பாரவண்டியும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை தொன், எவ்வளவு புகை என்று பார்த்து வரி. இரவு பத்துமணி முதல் காலை ஐந்துமணி வரை லொறி ஓடக்கூடாது என்ற தடை மட்டும் அப்படியே இருக்கிறது. இரவிரவாக ஓடியே பிழைத்த பெரியப்பாவுக்கு நான் இதைச் சொன்ன நாள் அவர் நம்பவில்லை. "அப்ப வெங்காயம் எப்பிடி விடியச் சந்தைக்குப் போகும்?" என்று கேட்டார்.

நான் ஏறிய 2டிஎம்மை இராணுவம் கழித்துவிட்டபோது வண்டிக்காரர் வாங்கினார். இங்கே முப்பது வயது கடந்து, பழைய கோலம் குலையாமல் இருக்கிற வண்டிக்கு வெத்தரான் என்று பதிவுண்டு. சோதனை ஆறு வருடத்துக்கு ஒருமுறைதான். ஒரே இலக்கத்தகட்டைக் கழற்றிக் கழற்றி இரண்டு மூன்று வண்டிக்கு மாட்டலாம். ஆனால் ஒரு நிபந்தனை, தொழிலுக்குப் பயன்படுத்தக்கூடாது. வாடகைக்குப் பாரம் ஏற்றினால் பதிவு போய்விடும். பின்பெட்டியில் எட்டிப் பார்த்தேன். நாலு மடக்குக் கதிரை, ஒரு பியர்ப் பெட்டி, சுருட்டிய படங்கு. தரைப்பலகை வழுவழுவென்று எண்ணெய் பூசிக் கிடந்தது. ஒரு கீறல் இல்லை.

சவுரர் என்ற பெயர் அடியோடு போய்விடவும் இல்லை. லொறியை விட்டவர்கள் நூலை விடவில்லை. 2000ல் ஷ்லாஃப்ஹோர்ஸ்ட் நிறுவனத்தை வாங்கினார்கள். கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கத்து நூலாலைகளில் வேலை செய்தவர்களிடம் ஆட்டோகோனர் என்றால் விளக்கம் வேண்டியதில்லை. அந்த நூல் சுற்றும் இயந்திரம் அப்போது அவர்களுடையதாக இருந்தது. 2006ல் ஒர்லிக்கோனிடம் போய், 2013ல் சீன நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறி, இப்போதும் பெயர் சவுரர்தான். ஊசியில் தொடங்கி நூலில் போய் நிற்கிறது. நடுவில் எண்பது வருடம் லொறி.

மாலை ஐந்துமணிக்கு வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. 2டிஎம் இருமி, ஒரு கறுப்பு மூச்சு விட்டு, நிதானத்துக்கு வந்தது. நான் பெரியப்பாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டு, கைத்தொலைபேசியை எஞ்சின் பக்கமாகப் பிடித்தேன். சாவகச்சேரியில் இரவு. அவர் படத்தைப் பார்க்கவில்லை, காதைத்தான் திரையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆறு சிலிண்டர்" என்றார். பிறகு, "ஸ்டியரிங் எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம் பெரியப்பா."

"அப்ப எங்கட லொறிதான். எத்தினை தொன் ஏத்தும்?"

"ஐஞ்சு மட்டில எண்டு சொல்லுறாங்கள்."

"ஐஞ்செண்டு எழுதியிருப்பான். எட்டு ஏத்தலாம். சில்லைக் காட்டு."

சில்லைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எட்டு ஏத்தலாம்" என்றார் மறுபடி. "இப்ப என்ன ஏத்துறாங்கள்?"

"ஒண்டும் ஏத்துறேல்லை. சட்டப்படி ஏத்தேலாது."

பதில் வரவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, திரையில் அவர் காது அப்படியே இருந்தது.

"சும்மாவோ ஓடுது?" என்றார். "அதுதான் தம்பி, சத்தம் வெறுமையாக் கிடக்கு."